பென்சிலா, பேனாவா? பத்மநாபபுரத்தில் வரையப் போகிறவர்களுக்கு

தக்கலை பக்கத்தில் உள்ள பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போய், பூமுகம் எனப்படும் முகப்பு மண்டபத்தின் மரக்கூரையில் செதுக்கிய 90 பூக்களை அண்ணாந்து பார்த்து வியந்துவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறவர்கள் நிறைய. ஒவ்வொன்றும் வேறு வேறு பூ. ஒன்றையாவது வரையலாமே என்று தோன்றினால் கையில் எதை எடுப்பது?

பென்சில் என்றால் அளவைத் திருத்திக்கொள்ளலாம். ஆனால் எதுவும் குறையில்லாமல் வர வேண்டும் என்று நினைப்பவர் கையில் ரப்பரும் இருந்தால், முதல் இதழைத் தாண்டுவதே கஷ்டம். தாள்தான் தேயும்.

பேனாவில் அழிக்க வழியில்லை. கோடு கோணினால் பக்கத்திலேயே இன்னொன்று போட வேண்டியதுதான். நடுவட்டத்தை முதலில் போட்டு, இதழ்களை வெளிப்பக்கமாக அடுக்கிக்கொண்டே போனால் படம் முடிந்துவிடும். எங்கே பிசகியது, வட்டத்திலா இதழ்களின் இடைவெளியிலா என்பது முடிந்த படத்தில்தான் தெரியும். அடுத்த பூவில் அதைக் கவனிக்கலாம். இன்னும் 89 இருக்கிறதே! தொடங்கவே தயங்குகிறவர்களுக்கு என் தேர்வு பேனாதான்.

உயரமான தூண்கள் மேல் கால்வாய்த் தண்ணீரைக் கொண்டுபோகும் மாத்தூர் தொட்டிப்பாலம் வேறு கதை. தூரம் கூடக் கூடத் தூண்கள் சிறுப்பதை அளந்து போட வேண்டும், அங்கே பென்சில் சரி. ரப்பரை மட்டும் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.