தொடுதிரையா, பட்டன் பானலா? பழைய மில்லிங் மெஷினை லினக்ஸ்சிஎன்சிக்கு மாற்றும்போது

பழைய கன்ட்ரோலரைக் கழற்றிவிட்டு லினக்ஸ்சிஎன்சி (கம்ப்யூட்டரிலிருந்து மெஷினை ஓட்டும் இலவச மென்பொருள்) ஏற்றுகிறவர்களுக்கு முன்னால் இரண்டு வழி. எல்லாவற்றையும் தொடுதிரையில் வைப்பது ஒன்று. சாதா மானிட்டரோடு பட்டன் பானலும், அச்சைக் கையால் சுழற்றி நகர்த்தும் ஹேண்ட்வீலும் கொடுப்பது மற்றொன்று. நாங்கள் எடுத்தது இரண்டாவது. அந்தப் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

தொடுதிரையில் வயரிங் குறைவு. ஜிமொக்காபி மாதிரி தொடுவதற்கென்றே பெரிய கட்டங்களோடு செய்த முகப்புகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆஃப்செட் அட்டவணை (டூல் நீளம் போன்ற திருத்த அளவுகள்) திருத்தவும் புரோகிராம் தேடவும் அதை மிஞ்ச எதுவும் இல்லை. எமர்ஜென்சி ஸ்டாப் மட்டும் எந்த வழியானாலும் தனிப் பட்டன்தான்: என்சி காண்டாக்ட் (சாதாரணமாக மூடியிருந்து, அழுத்தினால் திறப்பது), மோட்டாரை ஓட்டும் டிரைவின் பவரை நேராக வெட்ட வேண்டும். திரையில் வரைந்த சிவப்பு வட்டம் அதற்கு ஈடாகாது.

முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. கூலண்ட் படிந்தால் கெப்பாசிட்டிவ் திரை (போனில் உள்ளது போல, விரலின் மின்தன்மையை உணர்வது) அதையே விரல் என்று எண்ணிக்கொள்ளும். தடித்த ரப்பர் கையுறை போட்ட விரலையோ பெரும்பாலும் கண்டுகொள்ளாது. அழுத்தத்தை உணரும் ரெசிஸ்டிவ் திரை கையுறைக்கு இசையும். ஆனால் அதன் மேல்பரப்பு வெறும் பிளாஸ்டிக் ஃபிலிம், கையில் ஒட்டிய சிப்ஸ் (உலோகச் சீவல்) கீறிவிடும். நாள் முழுக்க அழுத்தப்படும் சைக்கிள் ஸ்டார்ட் (புரோகிராமை ஓட்டத் தொடங்குவது) இடம்தான் முதலில் தேயும். பிறகு தொடுதிரையையே மாற்ற வேண்டும். சில வருடம் கழித்து அதே அளவு திரை, அதை இயக்கும் அதே கார்டு கிடைக்கும் என்று நம்ப முடியாது. திரை செத்த நேரத்தில் அவசரத்துக்கு ஒரு கீபோர்டு கைவசம் இல்லையென்றால் ஜாபுக்குள் நிற்கும் டூலை மேலே தூக்கக்கூட வழியில்லை. வேஸ்ட் துணியால் திரையைத் துடைத்தபோது மெஷின் ஓடத் தொடங்குவதும் நடக்கிற காரியம்தான்.

22 மி.மீ. துளைப் பட்டனில் தலை வேறு, பின்னால் மின்சுற்றை இணைக்கும் காண்டாக்ட் பிளாக் வேறு. வேலை செய்யவில்லையா, பெரும்பாலும் பிளாக்தான். இரண்டு வயரைக் கழற்றிப் புதியதில் மாட்டினால் தீர்ந்தது. சைக்கிள் ஸ்டார்ட் பானலோடு சமமாக உள்ளடங்கியும், ஃபீட் ஹோல்ட் (அச்சு நகர்வை நிறுத்தி வைப்பது) வெளியே துருத்தியும் இருக்கட்டும். சிவப்பு, பச்சை பிரித்தறியாத ஆபரேட்டருக்கும் விரலே சொல்லிவிடும். கண் டூலை விட்டு நகர வேண்டியதில்லை.

ஹேண்ட்வீலில் இரண்டு இடத்தில் சறுக்கும். சுற்றுக்கு 100 கிளிக் உள்ள வீலை, லினக்ஸ்சிஎன்சியின் எக்ஸ்4-மோட் என்ற அமைப்பு 400 ஆக எண்ணும். 0.01 மி.மீ. என்று வைத்த கிளிக்குக்கு அச்சு 0.04 நகரும். அந்த மோடை அணையுங்கள், அல்லது ஜாக்-ஸ்கேலை (ஓர் எண்ணிக்கைக்கு அச்சு நகரும் தூரம்) கால்பங்காக்குங்கள். இரண்டாவது, ஜாக்-வெல்-மோட் என்ற அமைப்பு. அது 0 ஆக இருக்கையில் வீலை விசையாகச் சுழற்றினால், கை நின்ற பிறகும் அச்சு மிச்ச தூரத்தை ஓடித் தீர்க்கும். டூல், ஜாபைப் பிடிக்கும் வைஸில் மோதுவது இப்படித்தான். கிளிக்குக்கு 0.1 மி.மீ. நகரும் நிலைக்கு மட்டும் அதை 1 ஆக்கினால் வீலோடு அச்சும் நிற்கும். கிளிக் கணக்கு பிசகும். ஆனால் அந்த நிலையில் யாரும் அளவு பார்த்து நகர்த்துவதில்லை.

இவ்வளவும் கூலண்ட் ஓடும் மில்லிங்குக்குச் சொன்னது. உலர்வாக ஓடும் மர ரூட்டர் என்றால் இவ்வளவு அழுத்திச் சொல்ல மாட்டேன். அங்கே தொடுதிரையோடு ஒரு ஹேண்ட்வீல் மட்டும் சேர்த்தாலே போதுமாக இருக்கலாம்.