ஒரு கழுத்து நெறி, இரண்டு மெழுகுக் கட்டி

மூன்று வார லீவில் இங்கிலாந்தின் லீட்ஸிலிருந்து தஞ்சாவூர் போனது குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க. பொங்கல் வைத்தது ஒரு நாள். மிச்ச நாட்களில் பாதி லேப் வாசலில் போனது.

அக்கா மகளுக்கு 22 வயது. நான் போய் இறங்கியபோது அவளுக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. கழுத்தின் இடப்பக்கம் நெல்லிக்காய் அளவில் மூன்று நெறிகள். ஊசி குத்தி எடுத்துப் பார்த்ததில் செத்த திசு இருக்கிறது, காசநோயாக இருக்கலாம் என்று வந்ததால் டிபி மாத்திரை தொடங்கிப் பதினாறு நாள். வாந்திதான் மிச்சம், காய்ச்சல் இறங்கவில்லை.

அந்த டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன். நம் ஊரில் கழுத்தில் நெறி கட்டிக் காய்ச்சலும் நீடித்தால் முதலில் டிபியைத்தான் நினைக்க வேண்டும். பதினாறு நாளில் குணம் தெரியாததை வைத்து டிபி இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. ஒரு நெறியை முழுசாக எடுத்துப் பார்த்துவிடலாம் என்று அவரேதான் சொன்னார். சனிக்கிழமை சர்ஜனைப் பார்த்தோம், திங்கட்கிழமை மதியம் நெறி வெளியே வந்துவிட்டது. லீட்ஸில் ஜிபி என்ற குடும்ப டாக்டரைப் பார்த்து, கடிதம் வாங்கி, அப்பாயின்ட்மென்ட் தேதி வருவதற்கே அதைவிட நாளாகும்.

கோளாறு அதற்கப்புறம்தான். தியேட்டர் வாசலில் நர்ஸ் ஒரு பாட்டிலை என் கையில் கொடுத்து, "லேப்ல கொடுத்துடுங்க சார்" என்றார். நெறி முழுவதும் திசு கெடாமல் வைக்கும் ஃபார்மலினில் மிதந்தது. டிபியா என்று சந்தேகம் இருந்தால் ஒரு துண்டைத் தனியாக சலைன் என்ற உப்புநீரில் அனுப்ப வேண்டும். ஃபார்மலின் கிருமியைக் கொன்றுவிடும், அப்புறம் கல்ச்சர் வைக்க, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்க, வழியில்லை. இது எனக்கு அன்றைக்குத் தெரியாது. கூடவே ஒரு படிவம். பெயர், வயது, "கழுத்து நெறி". நோய் விவரம் எழுத வேண்டிய வரி காலி.

ஐந்து நாளில் ரிப்போர்ட் வந்தது: திசு அழிந்திருக்கிறது, காசநோயாக இருக்கலாம், கிளினிக்கலி கோரிலேட் செய்யவும். அதாவது, நோயாளியின் நிலையோடு பொருத்திப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள். படிவத்தில் ஒன்றுமே சொல்லாமல் அனுப்பினால் லேப் வேறு என்னத்தைச் சொல்லும்? பந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்க்கொண்டிருந்தது. நடுவில் பிள்ளைக்கு வாந்தி.

சென்னையில் இன்னொரு பேத்தாலஜிஸ்டிடம், அதாவது திசுவைப் பார்த்து நோயைச் சொல்லும் டாக்டரிடம், காட்டலாம் என்று முடிவு செய்தோம். இங்கே ஒன்றைப் பாராட்ட வேண்டும். ஒரு கடிதமும் கையெழுத்தும் கொடுத்தோம், அரை மணி நேரத்தில் நான்கு ஸ்லைடும் இரண்டு பிளாக்கும் கைக்கு வந்துவிட்டன. பிளாக் என்பது திசுவை மெழுகில் புதைத்த சின்னக் கட்டி. அதிலிருந்து மைக்ரான் கணக்கில் சீவிச் சீவி இன்னும் பல ஸ்லைடு போடலாம். மெழுகு உருகிவிடும் என்று அக்கா அதை ஈரத்துண்டில் சுற்றி, உழவன் எக்ஸ்பிரஸில் இரவெல்லாம் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். "வெயில்ல நிக்கிற கார்ல விடாம இருந்தாப் போதும்மா" என்று பேத்தாலஜிஸ்ட் சிரித்தார்.

அவரைப் பார்க்க இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். உள்ளே கூப்பிட்டதும் மைக்ராஸ்கோப் பக்கமே திரும்பவில்லை. காய்ச்சல் முதலிலா, நெறி முதலிலா? தொட்டால் வலிக்குமா? மூட்டு வலி, முகத்தில் சிவப்பு, முடி கொட்டுவது உண்டா? பழைய ரத்தப் பரிசோதனைத் தாள்களை வாங்கி, வெள்ளை அணு 3,200 என்று குறைந்திருந்த இடத்தில் பேனாவால் வட்டம் போட்டார். நெறி தொட்டால் வலிக்கும் என்று அக்கா முதல் நாளிலிருந்தே சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். யாரும் அதை எழுதி வைக்கவில்லை.

பிறகுதான் ஸ்லைடு. செத்த திசு இருக்கிறது, ஆனால் டிபியில் எதிர்பார்க்கும் கிரானுலோமா என்ற செல் முடிச்சு இல்லை. செல்கள் நொறுங்கித் தூளாகக் கிடக்கின்றன, ஆனால் சீழ் பிடித்தால் ஓடி வரும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணு ஒன்றுகூட இல்லை. அந்தத் தூளை விழுங்குகிற, உட்கரு பிறை போல ஒதுங்கிய செல்கள் மட்டும் கூட்டமாக. டிபி கிருமியைச் சிவப்பாகக் காட்டும் சாயத்திலும் ஒன்றும் தெரியவில்லை. லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோயையும் விலக்க வேண்டும் என்று, அதே பிளாக்கிலிருந்து புதிதாகச் சீவி, செல் எந்த வகை என்று காட்டும் ஆறு மார்க்கர் சோதனை போட்டார்கள். ஏழாயிரம் ரூபாய் சொச்சம்; நான்கு நாள்.

கிகுச்சி–ஃபுஜிமோட்டோ நோய். 1972இல் ஜப்பானில் இந்த இரண்டு டாக்டர்களும் ஒருவரையொருவர் சாராமல் எழுதியது. இளம்பெண்களிடம் அதிகம் காணப்படுவது, பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே அடங்கிவிடுவது. அதுதான் இதில் சிக்கலும். மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தபோதே காய்ச்சல் நின்றிருந்தால், டிபி குணமாகிவிட்டது என்று நாங்கள் எல்லாரும் நம்பியிருப்போம். ஆறு மாதக் கோர்ஸையும் முடிக்க வைத்திருப்போம்.

லீட்ஸில் என் மனைவி வேலை செய்யும் ஆஸ்பத்திரியில் வாரம் ஒருநாள் டாக்டர்களும் பேத்தாலஜிஸ்டும் ஒரே அறையில் உட்கார்ந்து கேஸ் கேஸாகப் பேசுவார்கள். ஆனால் நோயாளியின் அம்மாவோ மாமாவோ பேத்தாலஜிஸ்ட் அறைக் கதவைத் தட்ட முடியாது. சென்னையில் தட்டினோம், திறந்தது. தட்டத் தெரியாதவர்கள் என்ன செய்வார்கள் என்ற கேள்வி எனக்கு இன்னும் உறுத்துகிறது.

தஞ்சாவூர் டாக்டர் ரிப்போர்ட்டை இரண்டு முறை படித்தார், சென்னைக்குப் போன் போட்டுப் பேசினார், டிபி மாத்திரையை நிறுத்தினார். கொஞ்ச நாளைக்குக் காய்ச்சலுக்கும் வலிக்கும் மட்டும் மருந்து. சிலருக்கு இதோடு சேர்ந்தோ பின்னாளிலோ லூபஸ் என்ற, உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் நோய் வருவதுண்டு என்பதால் அதைத் தேடும் ஏஎன்ஏ ரத்த டெஸ்ட் எடுத்தார்கள், நெகட்டிவ். ஆறு மாதம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும்.

நான் விமானம் ஏறிய அன்று அவளுக்குக் காய்ச்சல் 99. அடுத்த வாரம் போனில், "மாமா, காலேஜ் போயிட்டேன்" என்றாள். பிளாக் இரண்டும் அக்கா வீட்டு பீரோவில், நகைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கின்றன. ஈரத்துண்டை மட்டும் எடுத்துவிட்டாளாம்.