வீவக வீட்டில் ஓர் ஆமை: பல வருட அனுபவம்

சிங்கப்பூரில் பச்சோந்தி வளர்க்கக் கூடாது. பாம்பு, இகுவானா, நட்சத்திர ஆமை எல்லாவற்றுக்கும் அதே சட்டம்தான். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிப் புளோக்குக்குக் கீழே செடியில் தலை சிவக்க உட்கார்ந்திருப்பது பச்சோந்தி இல்லை, ஓணான். அதையும் அனுமதியின்றிப் பிடிக்கக் கூடாது. ஊர்வன மேல் ஆசை உள்ளவர்களுக்கு இங்கே கடையில் சட்டப்படி கிடைப்பது காதோரம் சிவப்புக் கோடு போட்ட ரெட் இயர்ட் ஸ்லைடர் ஆமை. என் மகன் பச்சோந்திதான் கேட்டான். வந்தது இந்த ஆமை. பெயர் வள்ளி.

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். கடையில் உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தக் குட்டி, பெண்ணாக இருந்தால் 25 செ.மீ. வரைகூட வளரும். ஆண் கொஞ்சம் சிறியது, முன்கால் நகம் நீளமாக இருக்கும். நன்றாகக் கவனித்தால் 20, 30 வருடம் வாழும். பையன் தொடக்கப்பள்ளியில் படிக்கும்போது வாங்கினால், அவன் தேசிய சேவை முடித்து, வேலைக்குப் போய், பிடிஓ (புதிதாகக் கட்டித் தரும் வீவக) வீடு எடுத்துத் தனியாகப் போன பிறகும் ஆமை உங்களோடுதான் இருக்கும். வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசி முடிவு எடுக்க வேண்டிய விஷயம் இது.

குட்டியோடு சேர்த்து விற்கும் பிளாஸ்டிக் தென்னைமரம் வைத்த சின்னத் தொட்டியை வாங்காதீர்கள். வளர்ந்த ஆமைக்கு நான்கு அடித் தொட்டியாவது வேண்டும். அதில் 200 லிட்டர் தண்ணீர் ஊற்றினால் தண்ணீரே 200 கிலோ. அதனால் நாங்கள் கண்ணாடியை விட்டுவிட்டு, கெட்டியான பெரிய பிளாஸ்டிக் தொட்டியைச் சுவரோரம் தரையிலேயே வைத்துவிட்டோம். பார்க்க அழகு குறைவுதான். ஆனால் உடையாது, கழுவுவதும் சுலபம்.

வெளியே வைக்கும் கேனிஸ்டர் ஃபில்டர் கொடுத்த காசுக்கு முழுதாக உழைத்திருக்கிறது. தொட்டிக்குள் போடும் சின்ன ஃபில்டர் ஆமையின் அழுக்குக்கு ஈடுகொடுக்காது. உங்கள் தொட்டியில் உள்ள தண்ணீரைப் போல இரண்டு, மூன்று மடங்குக்கு ஏற்றது என்று பெட்டியில் போட்டிருப்பதை வாங்குங்கள். இன்னொன்று, இங்கே குழாய்த் தண்ணீரில் குளோரமின் என்ற கிருமிநாசினி கலந்திருக்கிறது. குளோரின் என்றால் வாளியில் ஓர் இரவு வைத்தால் போய்விடும், இது போகாது. தண்ணீர் மாற்றும்போது குளோரமினை முறிக்கும் மருந்து ஊற்ற வேண்டும். ஃபில்டர் பஞ்சையும் குழாயடியில் அலசாமல், தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரில் அலசுங்கள். அழுக்கைத் தின்னும் நல்ல பாக்டீரியா பஞ்சில்தான் குடியிருக்கிறது.

அடுத்தது விளக்கு. இவ்வளவு வெயில் அடிக்கும் ஊரில் எதற்கு விளக்கு என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஓடு கெட்டியாக இருக்கச் சுண்ணாம்புச்சத்து வேண்டும், அதை உடம்பு எடுத்துக்கொள்ள வைட்டமின் டி3 வேண்டும், அது தோலில் உருவாக வெயிலில் உள்ள யுவிபி என்ற புற ஊதாக் கதிர் வேண்டும். சன்னல் கண்ணாடி வெளிச்சத்தை விடும், யுவிபியைத் தடுத்துவிடும். சன்னலோரம் வருடக்கணக்கில் இருந்த ஆமைக்கும் ஓடு மிருதுவாகி வளைந்துபோவது இதனால்தான். கடையில் சூட்டுக்கான விளக்கும் யுவிபி விளக்கும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், பெட்டியைப் படித்து வாங்குங்கள். நாங்கள் பயன்படுத்துவது டி5 என்ற மெல்லிய யுவிபி குழல் விளக்கு. விளக்குக்கும் ஆமைக்கும் நடுவே கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ இருக்கக் கூடாது. குழல் எரிந்துகொண்டே இருக்கும், ஆனால் ஏறக்குறைய ஒரு வருடத்தில் யுவிபி வலுவிழந்துவிடும். மாற்றிய தேதியை மார்க்கரால் குழலின் ஓரத்தில் எழுதி வைக்கிறோம்.

காலை வெயிலில் தாழ்வாரத்துக்குத் தூக்கிப்போகிறவர்கள் கூடவே நில்லுங்கள். பாதி நிழல் இருக்க வேண்டும். ஆழமில்லாத பேசினில் தண்ணீர் சீக்கிரம் சூடாகிவிடும்.

விளக்குக்குக் கீழே முழுதாகக் காயும்படி ஒரு மேடை வேண்டும். அதில் வள்ளி ஏறி, பின்னங்கால் இரண்டையும் நீட்டி, விரல்களை விரித்துப் படுத்தால் எனக்கு மனம் நிறைந்துவிடும். ஆமைக்குத் தடவிக்கொடுப்பது பிடிக்காது. சூடும், சுத்தமான தண்ணீரும், தொந்தரவு இல்லாத இடமும்தான் அதற்குச் சந்தோஷம்.

ஆண் ஆமை இல்லாமலேயே பெண் ஆமை முட்டை வைக்கும் என்பது பலருக்குத் தெரியாது. சாப்பாட்டை ஒதுக்கி, தொட்டியைப் பிறாண்டி, வெளியே வரத் துடித்தால் அதற்கு மண் வேண்டும் என்று அர்த்தம். வீவக வீட்டில் மண்ணுக்கு எங்கே போவது? ஆமை திரும்பும் அளவுக்கு ஒரு பெட்டி எடுத்து, ஒரு சாண் ஆழத்துக்கு ஈரமான மணல் நிரப்பி, ஆள் நடமாட்டம் இல்லாத அறையில் வைக்கிறோம். வள்ளி பின்னங்கால்களால் குழி தோண்டுவதைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்து வியந்திருக்கிறேன். இடம் கிடைக்காவிட்டால் முட்டையை உள்ளேயே அடக்கிக்கொள்ளும், அது உயிருக்கே ஆபத்து.

சாப்பாடு பெரிய வேலை இல்லை. குட்டியாக இருக்கும்போது தினமும் ஆமை உணவு, வளர்ந்த பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள், மற்றபடி கீரைதான். சாய் சிம் என்ற சீனக் கீரை நல்லது. பசலையும் முளைக்கீரையும் அடிக்கடி வேண்டாம், அவற்றில் உள்ள ஆக்ஸாலிக் அமிலம் சுண்ணாம்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. காய்ந்த இறாலை மட்டுமே போட்டு வளர்த்தால் வைட்டமின் ஏ குறைந்து கண் வீங்கும். தேக்கா சந்தையில் கணவாய் வாங்கும்போது ஓட்டைக் கேட்டு வாங்கி, கழுவிக் காயவைத்துப் போடுவேன், கடித்துத் தின்னும்.

ஆமையைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். மனிதருக்கு வயிற்றுப்போக்கு உண்டாக்கும் சால்மோனெல்லா கிருமி நலமான ஆமையிலும் இருக்கும். அமெரிக்காவில் 10 செ.மீ.க்குக் குறைந்த ஆமைகளை விற்க 1975இல் தடை போட்டதே இதனால்தான். சமையலறைத் தொட்டியில் ஆமைச் சாமான் எதையும் கழுவாதீர்கள்.

சாய்ந்து நீந்தினாலோ, மூக்கில் குமிழி வந்தாலோ, வாயைத் திறந்து மூச்சுவிட்டாலோ நுரையீரலில் பிரச்சினை இருக்கலாம், காத்திருக்கக் கூடாது. எல்லா விலங்கு மருத்துவமனையிலும் ஆமையைப் பார்ப்பதில்லை. வாங்குவதற்கு முன்பே எங்கே பார்ப்பார்கள், எவ்வளவு ஆகும் என்று போன் போட்டுக் கேட்டு வையுங்கள்.

முடியவில்லை என்றால் நீர்த்தேக்கத்தில் விடாதீர்கள், அது குற்றம். இது மிசிசிப்பி ஆற்றுப் பக்கத்து ஆமை, இங்குள்ள ஆமைகளின் இடத்தையும் இரையையும் பிடித்துக்கொள்ளும். வீட்டில் வளர்ந்தது பட்டினியிலும் சாகும். புதிதாக வளர்க்க நினைப்பவர்கள் கடைக்குப் போகும் முன் தெரிந்தவர்களிடம் விசாரியுங்கள். வளர்ந்த ஆமையைத் தொட்டி, ஃபில்டரோடு நல்ல கையில் கொடுக்கக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். வள்ளி எங்கள் வீட்டுக்கு வந்ததும் அப்படித்தான்.