டி206-ஆ, 1952 டாப்ஸ்-ஆ: பட்டியல் போட எது எளிது?

பழைய பேஸ்பால் அட்டை (ஆட்டக்காரர்களின் படம் அச்சிட்ட சிறு அட்டை) சேர்ப்பவர்கள் அதிகம் பேசுவது இந்த இரண்டு தொகுப்புகளைப் பற்றித்தான். டி206, 1909 முதல் 1911 வரை அமெரிக்காவில் சிகரெட் பெட்டிகளுக்குள் வந்தது. இன்னொன்று 1952-இல் டாப்ஸ் நிறுவனம் வெளியிட்டது.

டாப்ஸ் சுலபம். பின்பக்கம் எண் இருக்கிறது; 1 முதல் 407 வரை எழுதிக்கொண்டே போகலாம். முதல் 80 அட்டைகளுக்குப் பின்புறம் கறுப்பு, சிவப்பு என இரண்டு அச்சு உண்டு, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். கறுப்பு அச்சில் 48, 49 கிடைத்தால் நிதானமாகப் படியுங்கள். சிலவற்றில் ஜோ பேஜ், ஜானி செய்ன் என்ற இரு ஆட்டக்காரர்களின் வாழ்க்கைக் குறிப்பும் இடம் மாறியிருக்கும்.

டி206 அப்படி விடாது. எண் கிடையாது, அந்தப் பெயர்கூட அட்டையில் இல்லை. அட்டை சேகரிப்பாளர் ஜெஃபர்சன் பர்டிக் பின்னாளில் தன் பட்டியலில் இட்ட குறியீடு அது. ஆட்டக்காரர் டை காப் என்று மட்டும் எழுதினால் போதாது, அவருக்கே நான்கு படங்கள்: சிவப்புப் பின்னணி, பச்சைப் பின்னணி, மட்டை தோளில், மட்டை தோளைவிட்டு விலகி. பிறகு அட்டையைத் திருப்ப வேண்டும். பீட்மான்ட், ஸ்வீட் கேப்போரல் சிகரெட் விளம்பரங்கள் ஏராளம். வேறு சிகரெட் பெயர் இருந்தால் விலையே மாறும். அங்கே அச்சிட்டிருக்கும் சிகரெட் தொழிற்சாலை எண்ணையும் விடாதீர்கள். மெகீ என்பவரின் பெயரை எழுத்துப்பிழையோடு அச்சிட்ட அட்டைக்கு இருக்கும் மவுசு தனி!

அவசரக்காரர்களுக்கு டாப்ஸ். என் ஓட்டு டி206-க்கு.