கம்பளையில் அலுமினியம் ஜன்னல் போடப் போகிறவர்கள் கொஞ்சம் நில்லுங்கள்

3 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய். அம்மா தோட்டத்தில் கொழுந்து பறித்துச் சேர்ந்த ஈபிஎஃப் காசு. அதைக் கொட்டி ஆறு ஜன்னல் போட்டோம். நேற்று ராத்திரி மழையில் அம்மாவின் மெத்தை நனைந்துவிட்டது. ஜன்னலைப் பூட்டிவிட்டுத்தான் படுத்திருந்தார்.

வீடு மகாவலிக் கரையோரம். 14ஆம் நூற்றாண்டில் ராஜதானியாக இருந்த ஊர் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். ஆற்று ஈரம் மரத்தை என்ன பாடுபடுத்தும் என்று யாரும் சொல்லித்தரவில்லை. பழைய பலாமர ஜன்னல்கள் மழைக்காலத்தில் ஊதிப்போய் மூடவே வராது. அலுமினியம் ஊதாது, கறையான் அரிக்காது. அந்தக் கணக்கு தப்பில்லை. ஆளைத்தான் தப்பாகப் பிடித்தோம்.

கடைப் பெயர் வேண்டாம். கண்ணாடி, அலுமினியம் வேலை செய்கிற ஒரு கடை, அவ்வளவுதான். முதலாளியே அளவெடுக்க வந்தார். பிளேன்டீ குடித்தார். எந்தத் தோட்டம் என்று விசாரித்துவிட்டு, "எங்கம்மாவும் கொழுந்து எடுத்தவங்கதாம்மா" என்றார். அம்மா முகம் மலர்ந்துபோனது. அப்புறம் பையிலிருந்து ஒரு சட்டத் துண்டை எடுத்து என் கையில் வைத்தார். நல்ல கனம். "தட்டிப் பாருங்க தம்பி." தட்டிப் பார்த்தேன். விழுந்தது அங்கேதான். அட்வான்ஸ் 2 லட்சத்தை அப்போதே எண்ணிக் கொடுத்தோம். பில்லில் ‘அலுமினியம் ஜன்னல் 6’ என்று மட்டும் எழுதினார். துண்டைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

பெப்ரவரி கடைசியில் ஜன்னல்களைப் பொருத்தினார்கள். கண்ணாடி பளபளத்தது, மீதியையும் கொடுத்துவிட்டோம். பலா ஜன்னல்களை "விறகுக்குத்தான் ஆகும்" என்று லாரியில் ஏற்றினார்கள். நானே ஒரு கை பிடித்துத் தூக்கிவிட்டேன், மடையன்.

சித்திரை மழையில் வண்டவாளம் தெரிந்தது. கீழ்த் தடத்தில் தண்ணீர் வெளியே போகத் துளையே இல்லை; தடம் நிரம்பி வீட்டுக்குள் வழிகிறது. ஸ்டெயின்லெஸ் என்று சொன்ன ஸ்க்ரூ எல்லாம் துரு. சட்டத்தைப் பெருவிரலால் அமுக்கினால் நெளிகிறது. ஈரச் சிமெந்து பட்ட இடமெல்லாம் வெள்ளையாகப் பொரிந்திருக்கிறது. சிமெந்தின் காரம் அலுமினியத்தை அரிக்குமாம், பூசுவதற்கு முன் டேப் ஒட்டி மறைக்க வேண்டுமாம். வேறொரு மேசன் பாஸ் வந்து சொல்லித்தான் தெரியும்.

கடை முதலாளிக்குப் போன் எடுத்தேன். "சித்திரை வருஷத்துக்குப் போன பாஸ்மார் இன்னும் வரல தம்பி." சரி. "வெசாக் முடியட்டும்." அதுவும் சரி. பிறகு, "உங்க செவுரு கோணல், நாங்க என்ன செய்ய?" அளவெடுத்த அன்றைக்குக் கோணல் தெரியவில்லையா? இப்போது வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் விழுகிறது. 3 லட்சத்து 40 ஆயிரம்!

பத்து விஷயமாவது சொல்ல நினைத்துத்தான் எழுத உட்கார்ந்தேன். இருக்கிற கோபத்தில் மூன்றுதான் வருகிறது. சட்டம் எத்தனை மில்லிமீட்டர், என்ன கோட்டிங், கண்ணாடி என்ன தடிப்பு என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். காட்டிய துண்டைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். ஜன்னலைப் பொருத்தியதும் ஒரு வாளித் தண்ணீரை வெளிப்பக்கமாக ஊற்றிப் பார்த்துவிட்டு மீதிக் காசைக் கொடுங்கள்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கம் இருக்கிறது. முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். வருஷம், வெசாக் என்று அவர் இழுத்ததில் எனக்கு மிச்சம் நாலு நாள். கையில் இருப்பது ‘அலுமினியம் ஜன்னல் 6’ என்ற அந்த பில்தான்.