பச்சைப்பிள்ளையின் தண்டுவட நீர்: எண்ணிப் பார்ப்பதா, கல்ச்சரா, பிசிஆரா?

“மோனே, முதுகுல குத்தி நீரு எடுத்தா பிள்ளைக்க காலு விளங்காம போவுமா?” மார்த்தாண்டத்து அம்மச்சி ஒருவர் எங்கள் லேப் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கேட்டது. உள்ளே அவருடைய பேரப்பிள்ளை, பிறந்து ஐந்து வாரம், மூளைக்காய்ச்சலோ என்று சந்தேகம். போகாது. பச்சைப்பிள்ளைக்குத் தண்டுவடம் இடுப்புப் பகுதியின் மூன்றாவது எலும்போடு முடிந்துவிடும். ஊசி அதற்கும் கீழே இறங்குகிறது. அங்கே நீரில் மிதக்கும் நரம்பு இழைகள்தான் உண்டு, அவை ஊசி வந்தால் விலகிக்கொள்ளும்.

இந்த வயதில் மூளைக்காய்ச்சல் வந்தால் கழுத்து விறைக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. காய்ச்சல், பால் குடிக்காமை, விடாத சிணுங்கல், சில பிள்ளைகளுக்கு உச்சிக்குழி புடைப்பு, அவ்வளவுதான். வைரஸா பாக்டீரியாவா என்பது பிள்ளையைப் பார்த்தால் தெரியாது. நீரில்தான் தேட வேண்டும். தேடும் வழிகளில் எது நல்லது என்பதுதான் கேள்வி.

முதல் வழி பழைய வழி: நீரில் உள்ள வெள்ளணு செல்களை எண்ணுவது, சர்க்கரையும் புரதமும் பார்ப்பது. ஒரு மணி நேரத்தில் முடிவு கிடைத்துவிடும், நாகர்கோவிலில் எந்த நடுத்தர லேபிலும் செய்யலாம். டியூபை அச்சடித்த தாள் முன்னால் பிடித்தால், எழுத்து தெளிவாகத் தெரிகிறதா என்பதே முதல் சோதனை. பாக்டீரியா முற்றிய நீர் சுண்ணாம்பு கலங்கிய அக்கானி (பதநீர்) மாதிரி இருக்கும். ஆனால் நீர் தெளிவாக இருப்பதை நம்பி ஏமாறக் கூடாது, ஒரு மைக்ரோலிட்டரில் நூறு செல் இருந்தாலும் கண்ணுக்குத் தெளிவாகவே தெரியும். எண்ணிக்கையிலும் சிக்கல் உண்டு. பெரியவர்களுக்கு 5 செல்லுக்கு மேல் போனால் சந்தேகப்படுவோம். பிறந்த குழந்தைக்கு 15, 20 வரைகூட இயல்புதான். வெள்ளணுவில் இரண்டு வகை, வைரஸ் என்றால் லிம்போசைட், பாக்டீரியா என்றால் நியூட்ரோஃபில் என்று படித்திருப்போம். ஆனால் பிள்ளைகளுக்கு மூளைக்காய்ச்சல் தரும் என்டெரோவைரஸ் தொற்றின் முதல் நாளில் நியூட்ரோஃபில்தான் மேலோங்கி நிற்கலாம். பாரெகோவைரஸ் என்று ஒன்று இருக்கிறது, அது செல்லே கூடாமல் பிள்ளையைப் படுக்க வைக்கும். ஊசி ரத்தக்குழாயில் பட்டு நீர் சிவந்துவிட்டால், வெள்ளணுக் கணக்கைத் திருத்திச் சொல்லும் சூத்திரங்களில் எனக்கு நம்பிக்கை இல்லை.

இதில் யாரும் பேசாத ஒன்று, நேரம். நீர் சும்மா கிடந்தால் நியூட்ரோஃபில்கள் உடைந்துபோகும். இரண்டு மணி நேரத்தில் பாதி காணாமல் போகலாம். ஒரு தடவை தக்கலைப் பக்கமிருந்து ஒரு தகப்பன் பைக்கில் மூன்று டியூபையும் ஐஸ் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தார். அனுப்பியவர்கள் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். பிசிஆருக்கு (கிருமியின் மரபணுவைப் பெருக்கித் தேடும் சோதனை) ஐஸ் சரி. கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் டியூபுக்கு அது ஆகாது, மெனிங்கோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் குளிரில் செத்துவிடும். அவரைக் குறை சொல்லி என்ன செய்ய.

அடுத்தது கல்ச்சர். இரண்டு மூன்று நாள் காக்க வேண்டும். முன்கூட்டியே ஆன்டிபயாடிக் போட்டிருந்தால் ஒன்றும் வளராமல் போகலாம், ‘வளரவில்லை’ என்பதால் வைரஸ் என்றும் ஆகிவிடாது. ஆனாலும் எந்த மருந்து கேட்கும் என்று சொல்ல இதை விட்டால் ஆள் இல்லை. வைரஸையே வளர்த்துப் பார்க்கும் பழைய முறைக்கு ஒரு வாரம் வரை பிடிக்கும். அதற்குள் பிள்ளை குணமாகி வீட்டில் இருக்கும்.

வைரஸைக் கண்டுபிடிக்க என் ஓட்டு பிசிஆருக்குத்தான். அதிலும் இரண்டு வகை. என்டெரோவைரஸுக்கு மட்டும் என்றால் கருவி பக்கத்தில் இருந்தால் சில மணி நேரம். வெளியூருக்கு அனுப்பினால் அந்த லாபம் போய்விடும். 14 கிருமிகளை ஒரே ஓட்டத்தில் பார்க்கும் பேனல் இன்னொன்று: சுமார் ஒரு மணி நேரம், வெறும் 200 மைக்ரோலிட்டர் நீர். விலைதான் இடிக்கும். ஜப்பானிய மூளைக்காய்ச்சலும் காசநோயும் அந்தப் பட்டியலில் கிடையாது. ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்குத் தனியாக ஐஜிஎம் (எதிர்ப்பொருள்) சோதனை வேண்டும். ஹெர்பிஸ் வைரஸுக்கு முதல் சில நாளில் ‘இல்லை’ என்று வந்தாலும், வலிப்பும் பிள்ளையின் நிலையும் சந்தேகத்தைக் கிளப்பினால் டாக்டர் அதற்கான மருந்தான அசைக்ளோவிரை நிறுத்தாமல் மறுபடி நீர் எடுப்பார். அது சரியான முடிவு.

அம்மச்சியின் பேரப்பிள்ளைக்கு 60 செல், பெரும்பாலும் நியூட்ரோஃபில், சர்க்கரை இயல்பு. எண்ணிக்கையை மட்டும் வைத்தால் பத்து நாளுக்கும் மேல் ஆன்டிபயாடிக் ஊசி போட்டிருப்பார்கள். அன்று மாலை என்டெரோவைரஸ் ‘பாசிட்டிவ்’ என வந்தது. 48 மணி நேரம் கல்ச்சரிலும் ஒன்றும் முளைக்காததைப் பார்த்தபிறகு ஆன்டிபயாடிக்கை நிறுத்தினார்கள்.

பிள்ளையின் முதுகிலிருந்து ஒரு மில்லிதான் கிடைக்கிறது, எல்லாவற்றுக்கும் போதாது என்றால்? முதல் சொட்டுகள் கல்ச்சருக்கு, அடுத்தது எண்ணிக்கைக்கும் சர்க்கரைக்கும், கடைசியில் மிஞ்சுவது பிசிஆருக்கு. அந்தக் கடைசி டியூப் மட்டும் ஐஸில் போகட்டும். நீர் எடுக்க முடியாத அளவுக்குப் பிள்ளை தளர்ந்திருந்தால் மருந்து முதலில், நீர் பிறகு. கல்ச்சர் கைவிட்டாலும் பிசிஆர் அப்போதும் பேசும்.