ரெண்டு கோல் பின்னால், ரெண்டு ரொட்டி முன்னால்: ஹட்டன் சாமக்கடை

கடை எங்கே இருக்கிறது என்று பல பேர் கேட்டுவிட்டார்கள், அதனால் முதலில் அதையே சொல்லிவிடுகிறேன். இலங்கை மலையகத்தில் ஹட்டன் ஸ்டேஷனில் இறங்கி டவுனைத் தாண்டி டிக்கோயா, நோர்வூட் போகிற பாதையில் கொஞ்சம் நடந்தால், சிவனொளிபாத மலைக்குப் போகிற பஸ்கள் நிறுத்தி ஆளுக்கு ஒரு தேத்தண்ணி குடிக்கிற இடத்தில் தகரக் கூரை போட்ட கடை ஒன்று இருக்கும். ஒரு சோடா கம்பனி கொடுத்த பெயர்ப்பலகை இருந்தது, மழையில் எழுத்தெல்லாம் போய் போத்தல் படம் மட்டும்தான் மிச்சம். நாங்கள் சாமக்கடை என்போம். டிசம்பர் பௌர்ணமி தொடக்கம் வெசாக் வரை, அதாவது மலை யாத்திரை சீசன் நடக்கும் வரை, இரவு முழுக்கத் திறந்திருக்கும். மற்ற மாதங்களில் ஒன்பது மணிக்கெல்லாம் பலகை போட்டுவிடுவார்கள், அப்போது போய்விட்டு என்னைத் திட்டாதீர்கள்.

நான் போனது நேற்று வெள்ளிக்கிழமை இரவு. சரியாகச் சொன்னால் இன்று, 2022 மார்ச் 19, விடிய ஒன்றரைக்கு. இங்கிலாந்து பிரிமியர் லீக் ஃபுட்போலில், வுல்வ்ஸ் ஊரில் என் டீம் லீட்ஸின் மேட்ச். வீட்டில் டிஷ்ஷுக்குக் காசு போட்டு இரண்டு மாதம் ஆகிறது, போனில் பார்க்கலாம் என்றால் தோட்டத்தில் கரண்ட் போகும்போதெல்லாம் சிக்னலும் கூடவே படுத்துவிடுகிறது. ஆகவே இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு நடந்தே வந்தோம். த்ரீவீல்காரர் ஒருவரைக் கேட்டோம், பெட்ரோல் இருந்தால் நான் ஏன் வீட்டில் படுத்திருக்கிறேன் என்றார்.

லீட்ஸா, உனக்கேன் இந்த வேலை என்று கேட்பீர்கள். சின்ன வயதில் தீபாவளி அட்வான்ஸ் வந்த வாரம் அப்பா ஹட்டன் பஜாரில் பழைய துணிக் குவியலில் எடுத்துக் கொடுத்த வெள்ளைச் சட்டைதான் காரணம். நெஞ்சில் ஒரு முத்திரை, என்ன என்று யாருக்கும் தெரியாது. அது ஒரு ஃபுட்போல் கிளப், 2001இல் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி வரை போனவர்கள் என்று எனக்குத் தெரியவந்தபோது அவர்கள் பிரிமியர் லீக்கிலேயே இல்லை. 2004இல் 33 புள்ளியோடு இறங்கினார்கள், 2007இல் இன்னும் ஒரு படி இறங்கி மூன்றாம் டிவிஷன், மறுபடி மேலே ஏற 2020 ஆகிவிட்டது. சட்டை கிழிந்து அடுப்படித் துணியாகி அதுவும் போய்விட்டது, நான் மட்டும் விடவில்லை.

சரி, சாப்பாடு.

தேங்காய் ரொட்டியும் கட்டா சம்பலும் இருக்கிறது, அதைத்தான் சாப்பிட வேண்டும். இந்த 2022 பொருளாதார நெருக்கடியில் கேஸ் கிடையாது என்பதால் முதலாளி பின்பக்கம் கல் அடுப்பு வைத்து மிலாறு போட்டு எரிக்கிறார். கவ்வாத்து வெட்டிய தேயிலை மிலாறு நின்று எரியும், நம் வீட்டு அடுப்பில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் புகையின் வாசனை தெரியும். கேஸ் இருந்த காலத்தில் இந்த ரொட்டி வெளியே வெள்ளையாய் நடுவில் பச்சையாய் இருக்கும், நான் இரண்டு தடவை திருப்பிக் கொடுத்திருக்கிறேன். இப்போது ஓரம் கருகி உள்ளே தேங்காய்ப்பூ வெந்து, கையில் பிய்த்தால் ஆவி வருகிறது. நாட்டுக்குக் கஷ்டகாலம் வந்து ஒரு ரொட்டி உருப்பட்டிருக்கிறது. மாவு விலை ஏறியதில் அளவு சுருங்கிவிட்டது, முன்பு உள்ளங்கையைத் தாண்டும், இப்போது தாண்டாது. சம்பல் கல்லில் இடித்தது, மாசிக் கருவாடு கொஞ்சம் தூக்கல், தேசிக்காய் கேட்டால்தான் பிழிவார்கள், கேளுங்கள்.

பால் மா இல்லை, அதனால் பால் தேத்தண்ணியும் இல்லை. பிளேன்டிதான். சீனி இஷ்டத்துக்குக் கொட்டுகிறார்கள், ஊரே சீனி விலையைப் பேசும்போது இந்த ஒரு கடையில் மட்டும் எங்கிருந்து வருகிறதோ. சீனி வேண்டாம், கித்துள் கருப்பட்டி ஒரு துண்டு கையில் தாருங்கள் என்றால் தருவார், அதற்குத் தனிக் காசு. தேயிலை வெறும் டஸ்ட். சுற்றிப் பார்க்கிற பக்கமெல்லாம் தேயிலை, நம் வாய்க்கு டஸ்ட், இதைப் பற்றிப் பேசினால் ரிவ்யூ முடியாது.

உளுந்து வடை எடுக்காதீர்கள். பகல் சுட்டது.

இனி டீவி. பழைய டீவி, அரிசி மூட்டைக்கு மேல் பலகை அடித்து உயரத்தில் வைத்திருக்கிறார்கள். வாசல் பக்க பெஞ்சில் இருந்தால் ஆள் தலை மறைக்கும், உள் பெஞ்சில் இருந்தால் அடுப்புப் புகை. நடுவில் ஒரு பிளாஸ்டிக் கதிரை உண்டு, கால் ஒன்று ஆடும், அதுதான் நல்ல இடம். பன்னிரண்டரைக்கே போனால் கிடைக்கும். வியாழக்கிழமை போயாவை, அதாவது பௌர்ணமியை, ஒட்டிய கூட்டம் நேற்றும் வடியவில்லை, வெள்ளை உடுத்திக் குளிரில் போர்த்திக்கொண்டு வந்த யாத்திரைக்காரர்கள் பாதிக் கடை, மீதி நாங்கள். முதலாளி லிவர்பூல். மூலையில் இருப்பவர் மன்செஸ்டர் யுனைட்டட். பெப்ரவரியில் லிவர்பூல் எங்களுக்கு 6, யுனைட்டட் 4, எவர்ட்டன் 3, டொட்டன்ஹாம் 4, வில்லா 3. மாதத்தில் நாள் 28, நாங்கள் வாங்கிய கோல் 20. இதைக் கணக்குப்போட்டு வைத்திருந்து நான் உள்ளே நுழையும்போதே முதலாளி, "வாங்க தம்பி, இன்னைக்கி எத்தனை வாங்கப் போறீங்க, ரொட்டியத்தான் கேக்கறேன்" என்றார். இந்த வரவேற்பும் சேவையில் சேர்த்திதான்.

அந்த மாதக் கடைசியில்தான் எங்கள் கோச் பியெல்சாவை வேலையிலிருந்து அனுப்பினார்கள். பதினாறு வருஷம் கழித்து எங்களை மேலே தூக்கி, முதல் சீசனிலேயே ஒன்பதாம் இடம் பிடித்துத் தந்த மனிதர். எனக்கு இன்னும் ஆறவில்லை. புதிதாக வந்த ஜெஸ்ஸி மார்ஷ் முதல் இரண்டும் தோற்றார், போன ஞாயிறு நொரிச்சை கடைசி நிமிடத்தில் தாண்டினோம். அப்படியான நிலையில்தான் நேற்றைய ஆட்டம்.

முதல் பாதியைப் பற்றி என்ன சொல்ல. பட்ட காலிலே படும் என்பார்களே, அதை டீவியில் போட்டுக் காட்டினார்கள். மாதக்கணக்கில் காயத்தில் இருந்துவிட்டு வந்த எங்கள் ஸ்ட்ரைக்கர் பாம்ஃபர்ட் அரை மணி நேரம்கூட நிற்கவில்லை, வெளியே. லொரென்டே வெளியே. வுல்வ்ஸின் ஜொனி ஒரு கோல், பிறகு காயத்துக்காக நிறுத்திய நேரத்தையெல்லாம் கூட்டி முதல் பாதியே ஒரு மணித்தியாலத்தை நெருங்கியபோது, 45க்கு மேல் 11ஆவது நிமிடத்தில் திரின்காவ் இன்னொன்று. 2-0. என்னோடு வந்தவர்களில் ஒருவன் எழுந்து போய்விட்டான், காலையில் வேலை என்று. மூலையில் இருந்தவர் நியூஸ் போடுங்கள், எண்ணெய்க் கப்பல் வந்ததா என்று பார்ப்போம் என்றார். யாத்திரைக்காரர்களும் ஆமாம் என்பதுபோலத் தலையாட்டினார்கள்.

முதலாளி மாற்றவில்லை. "மேட்ச் பாக்க வந்த புள்ள இருக்கையில மாத்தமாட்டேன், அது கடைக்கு அழகில்ல" என்று ஒரு வசனம். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பிறகுதான் விஷயம் வெளிவந்தது: ரிமோட்டில் பெட்டரி இல்லை. மின்வெட்டுக்கு டோர்ச்சில் போட்டிருக்கிறார். டீவியில் இருக்கிற பட்டனும் தேய்ந்துபோயிற்று. மாற்ற நினைத்திருந்தாலும் மாற்றியிருக்க முடியாது. ஆனாலும் அந்த வசனத்துக்காக நான் இரண்டாவது ரொட்டி சொன்னேன், அவரும் சிரித்துக்கொண்டே கொண்டுவந்து வைத்தார்.

இரண்டாம் பாதியில் 53ஆவது நிமிடம் வுல்வ்ஸின் ஹிமெனெஸ் எங்கள் கோல்கீப்பர் மெல்லியரோடு மோதினார், இரண்டாவது மஞ்சள், வெளியே. கடுமையான முடிவு என்று வுல்வ்ஸ்காரர்கள் சொல்வார்கள், என் டீமுக்கு நடந்திருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன், ரெஃப்ரியின் ஏழு தலைமுறையையும் இழுத்திருப்பேன். மெல்லியரும் தாக்குப்பிடிக்கவில்லை. கிளாசன் என்று ஒரு நோர்வே பையன், பிரிமியர் லீக்கில் முதல் தடவை, அந்த நேரத்தில் கையுறை மாட்டிக்கொண்டு வருகிறான். அவர்கள் பத்துப் பேர், எங்களுக்குப் பாதி டீம் ஆஸ்பத்திரி. 63ஆவது நிமிடம் எங்கள் ஹரிசன் ஒரு கோல். 66ஆவது நிமிடம் ரொட்ரிகோ இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே நான் தேத்தண்ணியை வாயில் வைத்தேன், விழுங்கவில்லை. தூங்கி வழிந்த ஒரு சிங்கள ஆச்சி திடுக்கிட்டு எழுந்து என்ன நடந்தது என்று முதலாளியைக் கேட்டார், அவர் ஏதோ சொன்னார், அந்த ஆச்சி என்னைப் பார்த்துக் கைகூப்பினார். எத்தனை கேட்டும் முதலாளி தான் என்ன சொன்னார் என்று சொல்லமாட்டேன் என்கிறார்.

பிறகு 91. லூக் எய்லிங். முடியைக் கொண்டை போட்டுக்கொண்டு ஓடும் டிஃபெண்டர், 2016இலிருந்து இந்த கிளப்பில் கிடந்து இரண்டாம் டிவிஷன் சேற்றையெல்லாம் பார்த்தவர், பெட்டிக்குள் உதிரியாய் வந்த பந்தை அடித்தார். 3-2. கதிரையின் ஆடுகிற கால் அப்போதுதான் முறிந்தது. அதற்கு நான் காசு கொடுக்க முன்வந்தேன், அது ஏற்கெனவே முறிந்ததுதான், ஆணி அடித்து வைத்திருந்தேன் என்றார் முதலாளி. நியாயமான மனிதர்.

விடிய மூன்றரை தாண்டியும் நாங்கள் போகவில்லை. ரொட்டி சுற்றித் தந்த தாள் ஏதோ பிள்ளையின் கணக்குக் கொப்பி, சிவப்பு மையில் பிழை போட்டிருக்கிறது, அதன் பின்பக்கத்தில் உட்கார்ந்து எழுதினோம். நாங்கள் 30 ஆட்டத்தில் 29 புள்ளி, 16ஆம் இடம். கீழே எவர்ட்டன் 27 ஆட்டத்தில் 25. வொட்ஃபோர்ட் 29இல் 22. பர்ன்லி 27இல் 21. நொரிச் 17, அவர்களை விடுங்கள். கடைசி மூன்று பேர் இறங்க வேண்டும். அபாயக் கோட்டுக்கு மேல் ஏழு புள்ளி என்று சொல்லும்போது இனிப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் பர்ன்லி கையில் எங்களைவிட மூன்று ஆட்டம் கூட இருக்கிறது, மூன்றையும் வென்றால் 30. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைகிற கதையை நாங்கள் பார்க்காததா.

நாற்பது எடுத்தால் போதும் என்று யாரோ சொன்னார்கள். 2003இல் வெஸ்ட் ஹாம் 42 எடுத்தும் இறங்கியது என்றேன். முதலாளி உள்ளேயிருந்து, 2005இல் வெஸ்ட் புரோம் 34க்கே தப்பியது, கிறிஸ்மஸுக்குக் கடைசியில் கிடந்தவர்கள் என்றார். மனிதருக்கு ரொட்டி மட்டுமல்ல, இதுவும் தெரிகிறது. மீதி எட்டு ஆட்டத்தில் சிட்டி, செல்சி, ஆர்சனல் மூன்றிலும் நான் ஒன்றும் எதிர்பார்க்கவில்லை. வொட்ஃபோர்டை அவர்கள் ஊரில் வைத்துத் தாண்ட வேண்டும், அதுதான் முழு சீசனும். சவுத்ஹாம்ப்டன், பிரைட்டன், பெலஸ், பிரென்ட்ஃபோர்ட் நான்கில் ஐந்து புள்ளி பொறுக்கினால் 37 வரும், எனக்கு அது போதும். நேற்று முதல் பாதி முடிந்தபோது இந்தத் தாளில் எழுத எதுவும் இல்லை என்றுதான் நினைத்தேன்.

ஐந்துக்கு நாலு தருகிறேன். ரொட்டிக்கும் முதலாளிக்கும் நாலு, டீவிக்கும் வடைக்கும் சேர்த்து ஒன்றைக் கழித்துவிட்டேன். மூன்று ரொட்டி, இரண்டு பிளேன்டி, ஒரு துண்டு கருப்பட்டி, ஆயிரம் ரூபா நாள் சம்பளத்தில் கணிசமாய்த்தான் போனது, ஆனால் இப்போது எந்தக் கடையில் போகவில்லை. கக்கூஸ் பின்னால், டோர்ச் கொண்டுபோங்கள், முதலாளியின் டோர்ச்சைக் கேட்டால் தரமாட்டார்.

அடுத்தது ஏப்ரல் 2, சனி, சவுத்ஹாம்ப்டனோடு எங்கள் மைதானத்தில். நம் நேரம் இரவு ஏழரை. சாமத்தில் கரண்ட் இருக்கிறது, ஏழரைக்கு இருக்குமா என்பது மின்வெட்டு அட்டவணையில் எங்கள் ஏரியாவுக்கு எந்த எழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. த்ரீவீல் பெட்டரியை இன்வேர்ட்டரில் மாட்டி டீவியை ஓட்டலாம் என்று மூலையில் இருந்த யுனைட்டட்காரர் சொல்லியிருக்கிறார், பெட்ரோல் இல்லாமல் வண்டி சும்மாதானே நிற்கிறது. அப்படி ஓட்டினால் அவருக்கு அன்றைக்கு ரொட்டி என் கணக்கு.